மூன்றாம் வகுப்பு, இரண்டாம் முறை

2020-21 கல்வியாண்டில் எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்பு படித்தது நான்தான். வருகைப் பதிவேட்டில் மகன் பெயர் இருந்தது. ஃபீஸ் அவன் பெயரில் கட்டினோம். கடைசியில் 'பாஸ்' என்று வந்ததும் அவனுக்கே. ஆனால் காலையில் அவசர அவசரமாகத் தலை வாரிக்கொண்டு, கன்னடப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடி விரலை வைத்துக்கொண்டு, "மேடம் வந்துட்டாங்களா, வந்துட்டாங்களா?" என்று பதறிக்கொண்டிருந்தது நான். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது, அவனுக்கு எட்டு. எங்கள் இருவரில் வகுப்பை நினைத்துப் பயந்தவன் ஒருவன்தான்.

அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு சரிப்படுமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கல்வியாளர் சொல்கிறார், கண் டாக்டர் சொல்கிறார், கம்ப்யூட்டர்காரர் சொல்கிறார். படித்தவனை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நான் கோலார் தங்கவயல்காரன். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் முன்பெல்லாம் "இன்னும் தங்கம் கெடைக்குதா?" என்று கேட்பார்கள். 2018-இல் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு சினிமா வந்த பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு வசனம் பேசிக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் பிழைப்பைத் தோண்டுவது பெங்களூரில். விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் ரயிலேறி, ஒரு தூக்கம் போட்டு, எழுந்து, வேலை பார்த்து, இருட்டிய பின் மறுபடியும் ரயிலேறி, மிச்சத் தூக்கத்தைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் போவேன், தூங்கிய பின்னால் வருவேன். ஆகவே எங்கள் குடியிருப்பு வரிசையில், அதாவது லைனில், எனக்கு நல்ல தகப்பன் என்று பெயர். பிள்ளைகளை அடித்தது கிடையாது, ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. கண் விழித்திருக்கும்போது அவர்களைப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் ரயில் நின்றது. என் நல்ல பெயரும் அதோடு நின்றது.

நான் கணக்கு எழுதும் கம்பெனி, "கூப்பிடும்போது வாங்க" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சம்பளத்தோடு அமைதியாகிவிட்டது. மனைவிக்குத் தையல் வேலை. ஜாக்கெட்டுக்குப் பதில் முகக்கவசம் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பெரியவள் பத்தாம் வகுப்பு. அவள் பக்கம் போனாலே "டாடி, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்பாள். என் அம்மா, அதாவது பிள்ளைகளின் ஆயா, எழுபதைத் தாண்டியவள். ஆக வீட்டில் சும்மா இருந்த முழு மனிதன் ஒருவன்தான். சின்னவனுக்கு ஆன்லைன் வகுப்பு என்று பள்ளியிலிருந்து தகவல் வந்ததும் மனைவி மிஷினை விட்டுத் தலை தூக்காமலே, "இன்னாங்க, நீங்க சும்மாதானே கீறீங்க?" என்றாள். எனக்கு அட்மிஷன் கிடைத்தது இப்படித்தான்.

தூரத்திலிருந்து வருவதைப் பிடிப்பதில் எங்கள் ஊர் லேசுப்பட்டதல்ல. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-இல் முதலில் கொண்டுவந்து கொடுத்தது பெங்களூருக்கு அல்ல, எங்கள் சுரங்கத்துக்கு. பெங்களூரில் விளக்கெரிய 1905 ஆயிற்று. அது போகட்டும். 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். எதிலும் ஒட்டாமல், பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும் அந்தத் துகளே எங்கள் ஊரில் வந்து அகப்பட்டுக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஆழத்தில் அல்ல, தரைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் என் வீட்டு முன்னறைக்கு 4ஜி வரவில்லை. போனில் இரண்டு கோடு தெரியும். மேடம் "குட் மார்னிங்" என்றதும் ஒரு கோடாகும். "சில்ரன்" என்பதற்குள் அதுவும் போய்விடும். எங்கள் பையன் அந்த 'சில்ரனை'ப் பல நாள் கேட்டதே இல்லை. போனைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்ததில், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே மட்டும் மூன்று கோடு நின்றது. என் அப்பா சுரங்கக் கேஜில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கி வேலை பார்த்தது, மகன் மேலே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பதற்காக. மகன் கடைசியில் உட்கார்ந்தது அந்தக் கல்லில்.

வகுப்பறை அமைப்பைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், அதற்கு நான் பட்ட பாடு அப்படி. கல்லின் மேல் கவிழ்த்துப்போட்ட அலுமினிய அன்னக்கூடை. அதன் மேல் ஆயாவின் வெற்றிலைப் பெட்டி. பெட்டி மூடியை முக்கால் பங்கு திறந்தால் ஒரு சாய்வு கிடைக்கும், அந்தச் சாய்வில் போன். போன் வழுக்கி விழாமலிருக்க முன்னால் முட்டுக்கொடுத்த ஒரு கொட்டைப்பாக்கு. வெயிலில் திரை தெரியாது என்பதால் மேலே கறுப்புக் குடை. குடைக்குக் கீழே பையன். குடையைப் பிடித்துக்கொண்டு நான். காலை வகுப்பில் கிழக்கே சாய்த்தும், நேரம் ஏற ஏற மேற்கே நகர்த்தியும் பிடிக்க வேண்டும். புவியியலில் எனக்கு நன்றாகப் புரிந்த ஒரே பாடம் அது.

இதில் ஒரு சிக்கல். ஆயாவுக்குக் கணக்கு வகுப்பின் நடுவே வெற்றிலை வேண்டும். நாள் தவறாது. திரையின் ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை மெல்ல வரும். கேமராவைத் தாண்டிப் பெட்டிக்குள் போகும். ஒரு கணம் வகுப்பு முழுவதற்கும் சுண்ணாம்பு படிந்த கட்டைவிரல் மட்டும் பெரிதாகத் தெரியும். பிறகு கை திரும்பிப் போய்விடும். மேடம் முதலில் திடுக்கிட்டார். பிறகு பழகிக்கொண்டார். ஒருநாள் ஆயாவுக்கு ஜுரம், கை வரவில்லை. "வேர் இஸ் கிராண்ட்மா?" என்று அவரே விசாரித்தார். வகுப்பில் என் மகனைவிட அவளுக்குத்தான் வருகைப்பதிவு ஒழுங்கு.

பையன் படித்தது இங்கிலீஷ் மீடியம். இரண்டாம் மொழி கன்னடம். நானோ தங்கவயலில் தமிழ் மீடியத்தில் படித்தவன். பேசுகிற கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காய்கறி பேரம், கண்டக்டரோடு சண்டை, மேனேஜரிடம் லீவு என்று எதற்கும் அசரமாட்டேன். படிக்கிற கன்னடம் பஸ் போர்டு அளவில் நின்றுபோனது. அதுவும் பங்காருபேட்டை பஸ் வரைக்கும். புத்தகத்தில் ஒத்தக்ஷரம் என்று ஒன்று வரும். எழுத்துக்கு அடியில் இன்னொரு எழுத்து குட்டியாய்த் தொங்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிடும். மேடம் ஒரு சொல்லைக் காட்டி "ஓது" என்பார். பையன் என்னைப் பார்ப்பான். நான் குடைக்குப் பின்னால் குனிந்து, தொங்குவதை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் படித்து, காதோரம் கிசுகிசுப்பேன். அவன் அதை உரக்கச் சொல்வான். சற்று நேரம் மௌனம். பிறகு மேடம் மிக மரியாதையாக, கன்னடத்தில், "குடைக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்கும் அப்பா அவர்களே, நீங்கள் சொன்னதும் தப்பு" என்றார். அன்று முதல் வகுப்பில் என்னை எல்லோருக்கும் தெரியும்.

பையன் இதற்குள் வேறொரு கலையில் தேறிவிட்டான். கேள்வி தன் பக்கம் வருவது தெரிந்தால் அப்படியே உறைந்துவிடுவான். வாய் பாதி திறந்திருக்கும், ஒரு கண் பாதி மூடியிருக்கும், பென்சில் பிடித்த கை அந்தரத்தில் நிற்கும். மூச்சுகூட விடமாட்டான். நெட் நின்றுபோன முகம் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படி. மேடம் ஐந்தாறு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, "ஓ, நெட்வொர்க் இஷ்யூ" என்று அடுத்த பிள்ளைக்குப் போவார். இவன் உயிர் பெறுவான். குடை பிடித்திருந்த எனக்கே முதலில் தெரியவில்லை. போன் கெட்டுவிட்டதென்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனைக் காட்டிக்கொடுத்தது என் லுங்கி. கல்லுக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவன் சிலையாக நிற்க, பின்னால் நீலக்கட்டம் போட்ட லுங்கி காற்றில் படபடவென்று ஆடிக்கொண்டே இருந்ததாம். "உன் நெட்வொர்க் நின்றுவிட்டது, உங்கப்பா லுங்கிக்கு மட்டும் எப்படி வருகிறது?" என்று மேடம் கேட்டார். முப்பது வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மேடம் இருந்த களைப்பில் ஒருவரையும் ம்யூட் செய்ய மறந்திருந்தார்.

அந்த மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டங்கட்டமாக முப்பது சின்னச் சின்ன முகங்களையும், அவற்றுக்குப் பின்னால் முப்பது குக்கர்களையும் வைத்துக்கொண்டு எட்டாம் வாய்ப்பாட்டை நடத்தச் சொன்னால் என்னால் எட்டு நிமிடம் தாங்காது. அவர் வீட்டிலும் ஒரு குழந்தை அழுதுகொண்டேதான் இருந்தது.

இடையில் அரசாங்கம் எனக்கு ஒருமுறை விடுதலை கொடுத்துப் பார்த்தது. 2020 ஜூன் 10-ஆம் தேதி, அப்போதைய கர்நாடகக் கல்வி அமைச்சர் சுரேஷ் குமார், எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை நேரலை ஆன்லைன் வகுப்பே கூடாது என்று அறிவித்தார். ஏழாம் வகுப்பு வரைகூடத் தடை நீளும் என்று பேச்சு வந்தது. பேராசிரியர் எம்.கே. ஸ்ரீதர் தலைமையில் ஒரு நிபுணர் குழுவும் போட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டச் சொன்னவன் நான். பையனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷமில்லை. அவனுக்குத்தான் உறைந்து நிற்கும் கலை கைவந்திருந்ததே. ஆனால் சில பெற்றோர் உயர் நீதிமன்றம் போனார்கள். தடை உத்தரவுகள், அரசியல் சட்டத்தின் 21, 21ஏ பிரிவுகள் தரும் உயிர்வாழும் உரிமையிலும் கல்வி உரிமையிலும் கைவைக்கின்றன என்பது முதல் பார்வைக்குத் தெரிகிறது என்று சொல்லி, ஜூலை 8-ஆம் தேதி நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டம் சரியாகத்தான் இருக்கும். பையனின் கல்வி உரிமையைப் பற்றி நீதிபதிகள் யோசித்தார்கள். குடை பிடிப்பவனுக்கும் உயிர்வாழும் உரிமை உண்டா என்று யாரும் மனுப் போடவில்லை.

அதே மாதம் 14-ஆம் தேதி மத்திய அரசு 'பிரக்யாதா' என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மழலை வகுப்புக்கு ஒரு நாளைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு. நல்ல கணக்கு. இதை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மனைவி கேட்டுவிட்டு, "அந்த ரெண்டு கிளாசுக்கு முன்னால லிங்க் தேடறது, பின்னால ஹோம்வொர்க்கைப் போட்டோ புடிச்சு அனுப்பறது, அதெல்லாம் யார் கணக்குல?" என்றாள். டெல்லியில் அவள் மாதிரி ஒருத்தியைக் குழுவில் போட்டிருக்கலாம்.

எனக்குப் பழைய சங்கதிகளைத் தேடிப் படிக்கும் வியாதி உண்டு. படித்து, வேலையிலிருந்து தப்பிக்கப் பயன்படுத்துவேன். 1937-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பள்ளி திறப்பது தள்ளிப்போனபோது, வானொலியில் பாடம் நடத்தினார்கள், எந்த நேரத்தில் என்ன பாடம் என்று செய்தித்தாள்களில் போட்டார்கள், அதுவும் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன். நம் நாட்டிலேயே 1975-76இல் ஒரு வருடம், செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, அதில் நம் கர்நாடகத்தின் ராய்ச்சூர், குல்பர்கா, பீஜப்பூர் பக்கமும் உண்டு, எனவே இது ஒன்றும் புதிதல்ல, பிள்ளைகள் தாமே படித்துக்கொள்வார்கள் என்பது என் வாதம். ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த ரேடியோ பொட்டி பக்கத்துல யாருடா உக்காந்துகினு இருந்தான்?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம். சிகாகோவில் பெற்றோர் சந்தேகம் கேட்பதற்கென்று தொலைபேசியில் ஆசிரியர்களை உட்கார வைத்திருந்தார்கள். அழைப்புகள் குவிந்து அவர்கள் திணறிப்போனார்கள். அங்கேயும் மூன்றாம் வகுப்பு படித்தது அப்பாக்களும் அம்மாக்களும்தான்.

ஆயாவின் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்றால், பக்கத்தில் ஒரு பெரியவர், ஒரு போன், ஒரு சிக்னல், ஒரு வேலையற்ற காலைப்பொழுது ஆகிய நான்கும் சேர்ந்தது. எங்கள் வீட்டில் நான் வேலையில்லாமல் இருந்ததால் இந்த நான்கும் சேர்ந்தன. எத்தனை வீட்டில் சேர்ந்திருக்கும்? 2021 ஆகஸ்டில் மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் பதினைந்தில் எளிய குடும்பங்களிடையே எடுத்த 'ஸ்கூல்' ஆய்வில், கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் எட்டு சதவீதம். அறவே படிக்காதவர்கள் முப்பத்தேழு சதவீதம்.

எங்கள் லைனிலேயே மூன்றாவது வீட்டுப் பெண், அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவளுக்கு ஆன்லைனும் இல்லை, குடையும் இல்லை. 2020 ஆகஸ்டில் அரசு 'வித்யாகம' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஆசிரியர்களே பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வந்து, கோயில் மண்டபம், மரத்தடி, திண்ணை என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நாலைந்து பேரைத் தள்ளித்தள்ளி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் திண்ணையில் ஒரு டீச்சர் வந்து உட்காருவார். கையில் ஒரு சிலேட்டு, ஒரு பை, முகத்தில் கவசம். எங்கள் வீட்டுக் கல்லிலிருந்து பார்த்தால் தெரியும். அந்தப் பெண் எழுந்து நின்று ஒத்தக்ஷரம் படிப்பாள், தவறினால் டீச்சர் அவள் சிலேட்டிலேயே விரல் வைத்துத் திருத்துவார், பக்கத்திலிருக்கும் பையன் அதைப் பார்த்துத் தன்னதையும் திருத்திக்கொள்வான். குடை பிடித்தபடி நான் காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு அங்கிருந்து கற்று, இங்கே கிசுகிசுப்பேன். எங்கள் பையனுக்குக் காசு கட்டிய வகுப்பின் விடை இலவச வகுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. அக்டோபரில் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று என்று செய்திகள் வர, திட்டத்தை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது ஜனவரியில், பள்ளி வளாகத்துக்குள், பெரிய வகுப்புகளுக்கு. அந்தப் பெண் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சிலேட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில், அரசுப் பள்ளிகளில் இரண்டிலிருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பதினாறாயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. முந்தைய வருடம் தெரிந்திருந்த மொழித்திறன்களில் ஒன்றையாவது மறந்தவர்கள் 92 சதவீதம். கணக்கில் 82. புதிதாகக் கற்காதது மட்டுமல்ல, கற்றதும் போயிற்று என்று அர்த்தம். என்னைச் சோதித்திருந்தால் நானும் அந்தத் தொண்ணூற்றிரண்டுக்குள்தான். மூன்றாம் வகுப்பை முதல் முறை படித்தபோது எனக்கு வாய்ப்பாடு பதினாறு வரை வந்தது. இப்போது பன்னிரண்டில் இடறுகிறேன்.

கண் விஷயமும் உண்டு. பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தடுக்க, தைவான் நாட்டில் 2010-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் நூற்றிருபது நிமிடம் வெளியே வெளிச்சத்தில் விடச் சொல்கிறார்கள். எங்கள் பையன் முழு வகுப்பும் வெட்டவெளியில் படித்தவன், திரையைப் பார்த்ததைவிடக் கொடியில் வந்து உட்காரும் காக்கையைப் பார்த்தது அதிகம். அவன் கண் பழுதில்லை. கண்ணாடி எனக்குத்தான் வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆன்லைன் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவள் கதை வேறு. அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வருடம். பதிவுசெய்த பாடத்தை நிறுத்தி நிறுத்தி, புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்படுகிறவள், இரவு வாட்ஸ்அப்பில் சாரிடம் தைரியமாகச் சந்தேகம் கேட்டாள். தூர்தர்ஷன் சந்தனா சேனலில் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் வந்தது, அதையும் விடவில்லை. ஆயாவும் கூடவே உட்கார்ந்து ஒளிச்சேர்க்கை வரை பார்த்துவிட்டு, "டிவி டீச்சரம்மா திட்டவே மாட்டேங்கறாங்க, இப்படிச் சொன்னா படிப்பு எப்படி ஏறும்?" என்று எழுந்து போய்விட்டாள். 2021 ஜூலை 19-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும் என்று இரண்டே நாளில் தேர்வை முடித்தார்கள். நன்றாகவே எழுதினாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, உட்கார அவள் விடவும் இல்லை. படிப்பது என்றால் என்ன என்று ஒன்பது வருடம் பள்ளியில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பத்தாவது வருடம் போன் உதவியது. சின்னவனுக்கு அந்த ஒன்பது வருடம்தான் இன்னும் ஆகவில்லை.

கர்நாடகத்தில் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 அக்டோபர் 25-ஆம் தேதி. பையன் அதற்குள் நான்காம் வகுப்பு. சாயங்காலம் வந்தான். சட்டையில் ஒரு பட்டன் இல்லை, முழங்காலில் மண், டிபன் பாக்ஸ் மூடி வேறொருவனுடையது. என்ன பாடம் நடந்தது என்று கேட்டேன், நினைவில்லை என்றான். ஜன்னலோரம் யார் உட்காருவது என்பதில் நடந்த சண்டையை மட்டும் முழுதாகச் சொன்னான், முழுக்க முழுக்கக் கன்னடத்தில். அதுவும் நல்ல கன்னடம், பக்கத்து பெஞ்சுப் பையனின் கன்னடம். ஒன்றரை வருடம் குடை பிடித்து நான் ஊட்ட முடியாததை முதல் இன்டர்வெல்லில் வாங்கி வந்துவிட்டான். நடுவில் ஒரு வசவும் இருந்தது. அர்த்தம் எனக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவளுக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு இப்போது ரயில் ஓடுகிறது. மறுபடியும் பிள்ளைகள் தூங்கும்போது போய்த் தூங்கும்போது வருகிறேன். நல்ல பெயர் பாதி திரும்பிவிட்டது. ஆனாலும் மூன்றாம் வகுப்பில் நிபுணன் என்று லைனில் பேர் ஆகிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் அப்பாக்கள் ஆலோசனைக்கு வருகிறார்கள். போன வாரம் வந்தவர் முகத்தில் கலவரம். மழைக்கு லீவு விட்டார்களாம். லீவு விட்ட அன்றே, நாள் வீணாகக்கூடாது என்று ஒன்றாம் வகுப்புக்கு ஆன்லைன் லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். இவர் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை தூங்கிவிட்டது. இவர் மட்டும் 'கேப்பிட்டல் பி' எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். மிஸ் 'குட், கீப் இட் அப்' என்று இரண்டு ஸ்டார் போட்டிருக்கிறார். எனக்கு ஒருநாளும் இரண்டு ஸ்டார் கிடைத்ததில்லை.

அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே போன பிள்ளை, விட்ட பாடத்தைப் பிடிக்கவும் சந்தேகம் கேட்கவும் ஆன்லைனைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். அதற்குக் கீழே, பள்ளியே மூடிக்கிடக்கும் பேரிடர் காலத்தில் வேறு வழியில்லையென்றால் மட்டும், அதுவும் திண்ணைக்கு வர ஒரு டீச்சர் கிடைக்காவிட்டால் மட்டும். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பள்ளி நடத்துகிறவர்களுக்குக் கைகூப்பி ஒரு விண்ணப்பம்: மழைக்கு லீவு விட்டால் அதை லீவாகவே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் மழையில் நனைந்துவிட்டு மறுநாள் வந்துவிடுவார்கள். அப்பன்மார்களுக்கு வேலைக்குப் போக வேண்டும்.